இருபத்தேழு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள்: சிற்றூர் அரசுப் பள்ளியின் கணக்கு

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில், பேருந்து நிற்கும் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்பில் 4 பிள்ளைகள், இரண்டாம் வகுப்பில் 7, மூன்றில் 5, நான்கில் 6, ஐந்தில் 5. ஆக மொத்தம் 27 பேர். ஆசிரியர்கள் இருவர், அவர்களில் ஒருவர்தான் தலைமை ஆசிரியர். இது கற்பனைப் பள்ளிதான் என்றாலும், இதைப் போன்றவை பழைய வட ஆற்காடு மாவட்டம் எங்கும், அதாவது இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், நிறையவே இருக்கின்றன. சிற்றூர் அரசுப் பள்ளிகளுக்கு என்னதான் சிக்கல் என்று புதிதாக அறிய விரும்புகிறவர், இந்த 27-ஐயும் 2-ஐயும் கையில் வைத்துக்கொண்டே பெரும்பகுதியைப் புரிந்துகொள்ளலாம்.

காகிதத்தில் பார்த்தால் இந்தப் பள்ளிக்கு ஒரு குறையும் தெரியாது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் என்று வரையறுக்கிறது. நம் பள்ளியில் 27 பேருக்கு இருவர். அதாவது 13 அல்லது 14 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். வேலூர் நகரத்தில் கட்டணம் கட்டிப் படிக்கும் பல பிள்ளைகளுக்குக்கூட இந்த விகிதம் வாய்ப்பதில்லை. ‘மாணவரும் இல்லை, சம்பளம் மட்டும் போகிறது’ என்று தேநீர்க் கடையில் பேசுகிறவர் இந்த விகிதத்தைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறார்.

ஆனால் ஆசிரியரின் உழைப்பு தலைகளின் எண்ணிக்கையால் மட்டும் கூடிக் குறைவதில்லை. வகுப்புகளின் எண்ணிக்கையாலும் பாடங்களின் எண்ணிக்கையாலும் தான் அது பெரிதும் தீர்மானமாகிறது. நான்கு பிள்ளைகள் உள்ள ஒன்றாம் வகுப்புக்கும் நாற்பது பிள்ளைகள் உள்ள ஒன்றாம் வகுப்புக்கும் பாடநூல் ஒன்றே. முதல் இரண்டு வகுப்புகளுக்கு நான்கு பாடங்கள், அடுத்த மூன்று வகுப்புகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்து ஐந்து பாடங்கள் என்று கூட்டினால் 23 பாடங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 40 நிமிடம் ஒதுக்க நினைத்தால் 920 நிமிடம், அதாவது பதினைந்து மணி நேரத்துக்கு மேல், தேவைப்படும். இரண்டு ஆசிரியர்கள் ஆளுக்கு ஐந்து மணி நேரம் இடைவிடாமல் கற்பித்தாலும் கையில் இருப்பது 600 நிமிடம்தான். பாடம் ஒன்றுக்கு 26 நிமிடம். ஓர் ஆசிரியர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ விடுப்பிலோ போய்விட்டால் அது 13 நிமிடமாகச் சுருங்கிவிடும். ஐந்து ஆசிரியர்களும் 150 பிள்ளைகளும் உள்ள பள்ளியில் விகிதம் 30-க்கு 1 என்று மோசமாகத் தெரிந்தாலும், அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். சிற்றூர்ப் பள்ளியைப் பற்றிய பெரும்பாலான தவறான முடிவுகள் இந்த விகிதத்தை மட்டும் பார்ப்பதால் வருகின்றன.

நாள்தோறும் என்ன நடக்கிறது என்றால், ஓர் ஆசிரியர் 1, 2, 3 வகுப்புகளை ஓர் அறையிலும், இன்னொருவர் 4, 5 வகுப்புகளை இன்னோர் அறையிலும் வைத்துக்கொள்கிறார். ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்லும்போது மற்ற வகுப்பு எழுதிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருக்கிறது. இதனைப் பல்வகுப்புக் கற்பித்தல் என்கிறார்கள். இது இழிவான முறையன்று. நன்றாகத் திட்டமிட்டால் சிறுவகுப்புப் பிள்ளை பெரியவர்களின் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டே வளரும் நன்மையும் இதில் உண்டு. ஆனால் அதற்கென்று தனியே வடிவமைத்த பாடப்பொருள் வேண்டும். அத்தகைய பாடப்பொருளுக்குப் பெயர் பெற்ற இடம் நமக்குத் தொலைவில் இல்லை. மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்காகவே அட்டைகளையும் ஏணிப்படி போன்ற கற்றல் வரிசையையும் உருவாக்கியது. அதிலிருந்து ஊக்கம் பெற்ற ‘செயல்வழிக் கற்றல்’ முறை முதலில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், பின்னர் 2007 முதல் தமிழ்நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரிக்கிறது. முதலில் 1 முதல் 3 வரைக்கும், பிறகு 4, 5 வகுப்புகளுக்கும் அது வந்தது. இரண்டுமே சிறு பள்ளிக்குப் பொருந்தக்கூடிய எண்ணங்கள்தான். அட்டைகள் கிழிந்து, புதியவை வராமல், ஆசிரியர்களும் மாறிய பிறகு பழைய கரும்பலகைக்கே திரும்பிய பள்ளிகளும் உண்டு. முறை மாறும் ஒவ்வொரு தடவையும் பயிற்சிக்கு ஆசிரியரை அழைப்பார்கள் என்பதையும், ஈராசிரியர் பள்ளியில் ஒருவரை அழைப்பது பாதிப் பள்ளியை அழைப்பதற்குச் சமம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தலைமை ஆசிரியர் என்றால் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் என்ற படம் நம் மனத்தில் உண்டு. தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் எழுத்தர் பணியிடம் இல்லை. சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், விலையில்லாப் பாடநூலும் சீருடையும் வாங்கி வந்து கணக்கு வைப்பது, உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கு எண்களைத் திரட்டுவது, வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றுவது ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. ஆசிரியர்கள் ‘எமிஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லும் கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில், 27 பிள்ளைகள் உள்ள பள்ளியும் 700 பேர் உள்ள பள்ளியும் நிரப்ப வேண்டிய படிவங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். 700 பேர் உள்ள பள்ளியில் அதற்கென ஒருவரை ஒதுக்கலாம். இங்கே அந்த ஒருவர் ஒதுங்கினால் மூன்று வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல் நிற்கும்.

பள்ளி யாருடையது?

வெளிநாட்டுச் செய்திகளைப் படிப்பவர்கள் ‘பள்ளி மாவட்டம்’ என்ற சொல்லைச் சந்தித்திருக்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலான பகுதிகளில், ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு வாரியம் தன் எல்லைக்குள் உள்ள பொதுப் பள்ளிகளை நடத்துகிறது. செலவின் கணிசமான பகுதி அந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஆகவே சொத்து மதிப்புக் குறைந்த சிற்றூர் மாவட்டம் அங்கே பணத்துக்குத் திண்டாடும். நம் நிலை வேறு. ஊர் எவ்வளவு ஏழ்மையில் இருந்தாலும் ஆசிரியரின் ஊதியம் மாநிலக் கருவூலத்திலிருந்து வந்துவிடும். அதற்கு ஈடாக, ஆசிரியரை அமர்த்தவோ மாற்றவோ ஊருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

ஒரு காலத்தில் இங்கேயும் வட்டார வாரியம் இருந்தது. ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளிகளை நடத்தின. குடியாத்தம், ஆற்காடு பக்கத்து முதியவர்கள் இன்றும் ‘போர்டு ஸ்கூல்’ என்று சொல்வது அதன் எச்சம். 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் உருவானபோது தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர்களைக் கல்வித் துறை எடுத்துக்கொண்டது. கட்டடம் ஒன்றியத்திடமே தங்கிவிட்டது. பெயர்ப்பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று இருப்பதும், உள்ளே இருக்கும் ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் பதில் சொல்வதும் இதனால்தான்.

இந்தப் பிரிவினையின் விளைவை ஒரு மழைக்காலத்தில் பார்க்கலாம். கூரை ஒழுகினால் ஒன்றியப் பொறியாளர் வந்து மதிப்பீடு போட வேண்டும். அது ஊரக வளர்ச்சித் துறை. ஆசிரியர் போதவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறை. மதியச் சத்துணவு சமூக நலத் துறையின் திட்டம். ஒன்றிய அலுவலகம் வழியாக நடைபெறுகிறது. காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். கழிப்பறையைக் கழுவுகிற தூய்மைப் பணியாளருக்குச் சொற்பத் தொகை தருவது உள்ளாட்சி. பெரிய ஊர்ப் பள்ளியில் இவற்றையெல்லாம் விரட்டிப் பிடிக்கச் செல்வாக்குள்ள பெற்றோர் பத்துப் பேராவது இருப்பார்கள். 27 பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் கூலி வேலைக்கோ, காலணித் தொழிற்சாலைக்கோ, வீட்டில் பீடி சுற்றவோ, ஊதுபத்தி உருட்டவோ நாளைச் செலவிடுபவர்கள். ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு நாள் போய்வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை அண்மைக் காலத்தில் வேலை நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்க ஆணையிட்டார்கள். இடித்த வேகத்தில் கட்டவில்லை. மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் வகுப்பு நடந்த பள்ளிகள் உண்டு. பின்னர் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய வகுப்பறைகள் கட்டத் தொடங்கினார்கள். அதற்கான மாநில அளவிலான அடிக்கல் நாட்டு விழா 2023 பிப்ரவரியில் வேலூர் மாவட்டத்தில்தான் நடந்தது. கோடையில் வேலூர் வெயில் எப்படியிருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கே தெரியும் என்பதால், தகரக் கூரையின் கீழ் ஜூன் மாத வகுப்பு எப்படியிருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை.

படிக்கட்டு போன்ற விதிகள்

அரசு விதிகள் பெரும்பாலும் சரிவாக அமைவதில்லை, படிக்கட்டாக அமைகின்றன. ஒன்றிய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற பங்கில் செலவிடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பள்ளி மானியம் என்று ஆண்டுக்கு ஒரு தொகை வழங்கும் விதி உண்டு. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய்; 31 முதல் 100 வரை 25,000; 101 முதல் 250 வரை 50,000. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் நம் பள்ளிக்கு ஏறக்குறைய 370 ரூபாயும், 100 பேர் உள்ள பள்ளிக்கு 250 ரூபாயும் வருகின்றன. சிறு பள்ளிக்குத்தான் தாராளம் என்று தோன்றும். ஆனால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, பள்ளியில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. பத்தாயிரத்தில் ஆயிரம் ரூபாயாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். மீதியில் சுண்ணக்கட்டி, பதிவேடு, மின்விசிறி, பூட்டு எல்லாம் அடங்க வேண்டும். இன்னும் நான்கு பிள்ளைகள் கூடுதலாகச் சேர்ந்திருந்தால் இதே பள்ளிக்கு 25,000.

ஆசிரியர் பணியிடமும் இதே படிக்கட்டுதான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-ஆம் நாள் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துப் பணியிடத்தை நிர்ணயம் செய்கிறார்கள். 61 பேர் இருந்தால் மூன்றாவது ஆசிரியர் உண்டு; ஒரு குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்து 59 ஆகிவிட்டால், மூன்றாமவர் ‘சர்ப்ளஸ்’, அதாவது உபரி. அவரைப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். மீதி இருவரும் முன்பு மூவர் பார்த்த ஐந்து வகுப்புகளைப் பார்ப்பார்கள். கவனிப்புக் குறைந்தது என்று இன்னும் இரண்டு பெற்றோர் பிள்ளைகளை எடுத்துச் செல்வார்கள். எண்ணிக்கை குறைவதால் ஆசிரியர் குறைவதும், ஆசிரியர் குறைவதால் எண்ணிக்கை குறைவதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போவதைத்தான் சிற்றூர்ப் பள்ளியின் மையச் சிக்கல் என்று நான் கருதுகிறேன். மற்றவையெல்லாம் இதன் கிளைகள். ஜூலை மாதத்தில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதன் பொருளும் இதில் விளங்கும்.

நடுநிலைப் பள்ளிக்கு வந்தால் சிக்கல் பாட ஆசிரியராக மாறுகிறது. 6 முதல் 8 வரை கணிதம்–அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குக் குறைந்தது ஒருவர் வீதம் வேண்டும் என்கிறது சட்டம். ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, ஆனால் அந்த மூன்று வகுப்புகளிலும் சேர்த்து நூறு பேருக்கு மேல் இருந்தால் மட்டும். நாற்பது பேர் உள்ள நடுநிலைப் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளைக்கு ஆள் இல்லாமல் போவது யாருடைய அலட்சியமும் அன்று, விதியே அப்படி.

பிள்ளைகள் எங்கே போனார்கள்?

முதல் காரணம் எளியது: பிள்ளைகள் பிறப்பதே குறைந்துவிட்டது. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 14 பிறப்புகள். ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் ஆண்டுக்கு 14 குழந்தைகள் பிறந்தால், ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 70 பேர்தான் பள்ளி வயதில் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் தனியார் பள்ளி வேனில் ஏறினால் மிஞ்சுவது 35. ஆசிரியர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கு முன்பே இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

வேனில் ஏறுவதற்கு ஆங்கில வழிதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டும் ஓட்டம் நிற்கவில்லை. என் பார்வையில் வயதுதான் பெரிய காரணம். தனியார் பள்ளி எல்.கே.ஜி.க்கு மூன்று வயதிலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறது. அரசுப் பள்ளியின் கதவு ஐந்து வயதில்தான் திறக்கிறது. இடையில் அங்கன்வாடி இருக்கிறது என்றாலும், வேலைக்குப் போகும் தாய்க்கு அது பள்ளியாகத் தெரிவதில்லை. ஐந்து வயது ஆகும்போது பிள்ளைக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள், சீருடை இருக்கிறது, வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது. அதை நிறுத்திவிட்டு ஒன்றாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்கு வருவதை உறவினர்கள் ‘பணம் கட்ட முடியவில்லை போல’ என்று பேசுவார்கள். 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது இதை உணர்ந்த ஒரு நடவடிக்கை. உபரி என்று கருதப்பட்ட இடைநிலை ஆசிரியர்களை, அதாவது தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிப்பவர்களை, அங்கே அனுப்பினார்கள். ஆனால் பெரும்பாலான சிறு தொடக்கப் பள்ளிகள் அதன் வட்டத்துக்கு வெளியே நின்றன.

தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடங்களை நலிவுற்ற பிரிவினருக்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசே செலுத்தும் ஏற்பாட்டையும் பலர் குறை கூறுகிறார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில், தனியார் பள்ளிகள் நெருக்கமாக இருப்பதால், அது அரசுப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பை நேரடியாகத் தொடுகிறது. உட்பகுதி ஊர்களில் அருகே தனியார் பள்ளியே இல்லாதபோது அதன் பாதிப்பும் இல்லை.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்தில் மொழியும் எண்ணிக்கையைப் பிரிக்கிறது. உருது வழிப் பள்ளிகள் ஒருபுறம், வீட்டில் தெலுங்கு பேசும் எல்லையோர ஊர்கள் மறுபுறம். ஒரே பள்ளியில் தமிழ் வழி, ஆங்கில வழி என்று இரு பிரிவும் இருந்தால் 27 பேரை இன்னொரு தடவை பிரித்ததாகிவிடும்.

மலையில் வேறு கதை

இதுவரை சொன்னவை சமவெளிப் பள்ளிகளுக்குப் பொருந்தும். அவை ஒரு காலத்தில் பெரிதாக இருந்து சுருங்கியவை. மலைப் பள்ளி பிறவியிலேயே சிறியது. சவ்வாது மலையில், அணைக்கட்டு ஒன்றியத்தைச் சேர்ந்த பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகளிலும், திருப்பத்தூர் மாவட்டத்துப் புதூர்நாடு, நெல்லிவாசல் பகுதிகளிலும், மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருபது வீடு, முப்பது வீடு என்று சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பள்ளி வைத்தால் ஒவ்வொன்றும் சிறு பள்ளியாகத்தான் இருக்கும். வைக்காவிட்டால் பிள்ளைகள் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் என்ற விதி தூரத்தை மட்டும் பார்ப்பது. மலையில் ஒரு கிலோமீட்டர் என்பது ஏற்றத்தையும் ஓடையையும் பொறுத்தது.

இங்கே பிள்ளைகள் வேனில் போய்விடுவதில்லை, ஆசிரியர்தான் தங்குவதில்லை. அவரைக் குறை சொல்வது எளிது. 2023 மே மாதத்தில் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையைச் சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க முடியாமல் போன செய்தியை நாடே படித்தது. அத்தகைய ஊருக்கு நாள்தோறும் சமவெளியிலிருந்து ஏறி இறங்கும் ஆசிரியர், அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வில் கீழே ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது இயல்பு. இறங்கியவரின் இடம் எளிதில் நிரம்புவதில்லை. இடைநிலை ஆசிரியர்களுக்கான நேரடி நியமனம் பல ஆண்டுகள் நின்றுபோய், 2024-இல்தான் அதற்கான போட்டித் தேர்வு நடந்தது. இடைவெளியை ‘டெபுடேஷன்’ என்னும் மாற்றுப்பணியால் அடைக்கிறார்கள். அதாவது இன்னொரு சிறு பள்ளியின் இருவரில் ஒருவரை எடுத்து இங்கே விடுகிறார்கள்.

மலைக் குடும்பங்கள் ஆண்டில் சில மாதங்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகின்றன. பிள்ளையும் உடன் போகும். பதிவேட்டில் பெயர் இருக்கும், வகுப்பில் பிள்ளை இருக்காது. இதற்கு உண்டு உறைவிடப் பள்ளிதான் பழைய விடை. பழங்குடியினர் நலத் துறை அவற்றை நடத்துகிறது. ஆறு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் விடுவது நல்ல விடையா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. பெரிய வகுப்புக்கு அது வேண்டியதுதான் என்றும், தொடக்க வகுப்பு குடியிருப்பிலேயே இருக்க வேண்டும் என்றும் நான் கருதுகிறேன். அரசின் விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கிறது என்பதையும் இங்கே கவனிக்கலாம். ஊர்ப் பள்ளியை விட்டு வெளியே நடக்கத் தொடங்கும் வயது பதினொன்று, அதாவது ஆறாம் வகுப்பு.

இணைத்துவிடலாமா?

நான்கு சிறு பள்ளிகளை மூடி ஒரு நல்ல பள்ளியாக்கி, வகுப்புக்கு ஓர் ஆசிரியரைக் கொடுத்து, பிள்ளைகளுக்கு வேன் விட்டால் என்ன என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. சமவெளியில் இது முற்றிலும் தள்ளத்தக்க யோசனையன்று. மேலே பார்த்த 23 பாடக் கணக்கு இதற்குத்தான் வலுச்சேர்க்கிறது. ஆனால் வேன் உறுதியாக வரும் என்பதற்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையையோ பாலாற்றையோ தாண்ட வேண்டிய ஊர்களில் தூரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. பள்ளி மூடிய பின் வேன் ஒரு மாதம் வராவிட்டால் முதலில் நிற்பவை பெண் குழந்தைகளாகத்தான் இருக்கும்.

பேசத் தயங்கும் இன்னொன்றும் உண்டு. இந்தப் பகுதியில் ஒரே ஊரில் ஊர்த் தெருவில் ஓர் ஒன்றியப் பள்ளியும், காலனியில் ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும், 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் போன்ற கிறித்தவ மறைப்பணி அமைப்புகளின் வழியில் வந்த உதவிபெறும் பள்ளி ஒன்றும் இருப்பது புதிதன்று. மூன்றும் சிறு பள்ளிகள், மூன்றுக்கும் மூன்று மேலதிகாரிகள். எண்ணிக்கைக் குறைவுக்குப் பிறப்பு விகிதத்தைக் காரணம் காட்டும் அதே ஊர், இந்த மூன்றையும் ஒன்றாக்கலாம் என்றால் பின்வாங்கும். பின்வாங்குவதன் காரணம் சாதி. 2023-24 மாநில நிதிநிலை அறிக்கை, பல துறைகளின் கீழ் உள்ள பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப் போவதாக அறிவித்தபோது, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் தனிச் சொத்தும் தனிக் கவனமும் கரைந்துபோகும் என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது; அந்தப் பள்ளிகள் எதற்காகத் தோன்றினவோ அந்தக் காரணம் இன்னும் மறைந்துவிடவில்லை.

தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. வேலூர் மாவட்டம் பொதுத் தேர்வுப் பட்டியலில் கீழே இருப்பது பழகிப்போன செய்தி. 2024-இல் பத்தாம் வகுப்பில் கடைசி இடம். அந்தப் பட்டியல் வந்ததும் பள்ளிவாரியாக விளக்கம் கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் 18 பேர் மட்டும் எழுதும் சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் ஐந்தரை விழுக்காடு போய்விடும். நேற்று நூறு, இன்று எண்பத்து மூன்று என்றால் மூன்று பிள்ளைகள் தவறியிருக்கிறார்கள் என்றே பொருள். அந்த மூவரில் ஒருவர் காய்ச்சலில் கிடந்திருக்கலாம், ஒருவர் சூளைக்குப் போயிருக்கலாம். சிறு எண்களை விழுக்காட்டில் சொன்னால் அவை பெரிதாகக் கத்தும். பெயர் சொல்லிக் கேட்பதே சரி.

பணம் மேலிருந்து வருவதால் மேலே நடக்கும் சண்டையும் கீழே தெரியும். 2024-25-இல் பி.எம். ஸ்ரீ என்னும் ஒன்றிய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டத்தில் சேராததை முன்னிட்டு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பெரிய பள்ளி இத்தகைய ஆண்டை முன்னாள் மாணவர்களின் உதவியால் கடத்திவிடும். சிறு பள்ளியில் தலைமை ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்துதான் சுண்ணக்கட்டி வாங்குவார்கள்.

பெற்றோருக்குச் சட்டம் தந்திருக்கும் கருவி பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இலும் 2024-இலும் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். கேட்க வேண்டியதைச் சரியான இடத்தில் கேட்பதே இங்கே பாதி வேலை. கட்டடம், சுற்றுச்சுவர், குடிநீர் என்றால் தீர்மானம் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும். ஆசிரியர் என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. ஆண்டுக்கு ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் அந்தத் தீர்மானத்தை வைத்துப் பதிவு செய்துவிட்டால் அதற்கு எடை கூடும். பணியிடம் பற்றிய கோரிக்கையாக இருந்தால், ஆகஸ்ட் 15 காலம் கடந்த நாள். எண்ணிக்கை எடுத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மே 1-ஆம் நாள் சபையில், அந்த ஊரில் ஐந்து வயது நிறையும் பிள்ளைகள் யார் யார், அவர்கள் எந்தத் தெரு, எந்த வேனில் ஏறுகிறார்கள் என்ற பட்டியலோடு போய்ப் பேசுவதற்கு இன்னும் மூன்று மாதம் கையில் இருக்கும்.